ஜெனரேட்டர் ஓடும் சத்தம்

தம்பி, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த வீடியோவை. பின்னாடி தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அங்கதான். மைக்கு முன்னாடி வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் பேசுறாரே, அவரையும் பாருங்க, என் மூஞ்சியையும் பாருங்க. அப்ப முடி இருந்துச்சு. மீசை கறுப்பு. மத்தபடி நான்தான்.

சந்தேகமா இருந்தா கீழ எழுத்து வரும் பாருங்க. வைரக்கண்ணு, பாதிக்கப்பட்டவர்னு. வைரக்கண்ணுங்கிறது என் பேரு. பாதிக்கப்பட்டவர்ங்கிறது டிவிக்காரன் அவனாப் போட்டுக்கிட்டது.

இந்தப் பையை உங்க காலுக்கிட்ட வெச்சுக்கிறேன், இடிக்காம பாத்துக்குங்க. உள்ள கண்ணாடி வளையல் இருக்கு.

நிறுத்தியே வெச்சிருங்க தம்பி, எனக்கு அது மனப்பாடம். நவம்பர் பதினாறு வந்தாப் போதும், யாராவது ஒருத்தன் அனுப்பிருவான். இந்தத் தேதியில உலகத்துல எங்கெங்க புயல் அடிச்சுச்சு, எங்கெங்க வெள்ளம் வந்துச்சுன்னு வரிசையாக் காட்டுவான். பனி கொட்டுறதைக் காட்டுவான், கப்பல் கவுந்ததைக் காட்டுவான், கடைசியில நம்ம கஜா புயல். கஜான்னா அதுல நான். இத்தனை ஊரு அழிஞ்சதுக்குக் காட்ட ஒரு மூஞ்சி வேணும்ல, அவனுகளுக்கு என் மூஞ்சி வாகா அமைஞ்சிருச்சு.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நான் அதைப் பேசுனது பதினாறாந்தேதி இல்லை. அது கழிச்சு நாலஞ்சு நாள் ஆயிருக்கும். பதினாறாந்தேதி நாங்க யாரும் பேசுற நெலமையில இல்லை. விடிஞ்சு கதவைத் திறந்தா தெருவைக் காணோம். தெரு பூராத் தென்னை. எது எவன் மரம்னு தெரியாம குறுக்கும் நெடுக்குமாக் கிடக்குது. கரெண்டு கம்பமெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டு நிக்குது. ஆனா அது காத்து அடிச்சது. காத்தைக் குத்தம் சொல்ல முடியாதுல்ல. அது பாட்டுக்கு வந்துச்சு, அது பாட்டுக்குப் போச்சு. எங்க ஊரு சாலைக்குறிச்சியில ஒரு உசுரு போகலை. ஒத்தைப்பனங்காட்டுலயும் போகலை. அன்னைக்குப் போகலை.

ஒத்தைப்பனங்காடு என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்த ஊரு. இப்ப அங்கதான் போறேன். முக்கத்துல இறங்கி உள்ள கொஞ்சம் நடக்கணும். தங்கச்சி மக இலக்கியா வயசுக்கு வந்திருக்கு, இன்னைக்கு மஞ்சள் நீராட்டு. நான்தான் தாய்மாமன். பையில இருக்கிறதெல்லாம் சீர்தான். பட்டுப்பாவாடை, வளையல், தோடு, தட்டு எல்லாம் புதுசு.

தாய்மாமன் சீர்னா மேளம், வேனுன்னு போகாம, டவுன் பஸ்ல பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானேன்னு பாக்குறீங்க. பாக்கத்தான் செய்வீங்க. வண்டி இருக்கு தம்பி. குட்டியானை ஒண்ணு சொந்தமா வீட்டு வாசல்ல நிக்குது. சாவி சட்டைப் பையிலதான் இருக்கு, இந்தா பாருங்க. அந்த வண்டியை அந்த வாசலுக்கு ஓட்டிக்கிட்டுப் போக வேண்டாம்னு விட்டுட்டேன். என் வீட்டுக்காரியும் வரலைன்னுட்டா. அவளுக்குக் கோவம். ஏன்னா பத்திரிகை தபால்ல வந்துச்சு.

தாய்மாமனுக்குத் தபால்ல பத்திரிகை வந்து கேள்விப்பட்டிருக்கீங்களா? தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஜோடியா வரணும். தட்டுல வெத்தலை பாக்கு வெச்சு, நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்னு கூப்பிடணும். அதான் முறை. இங்க தபால்காரரு வந்து திண்டுல போட்டுட்டுப் போயிட்டாரு. என் வீட்டுக்காரி அதை எடுத்துப் பாத்துட்டு, "பேங்குல இருந்து நோட்டீஸ் வந்த மாதிரி வந்திருக்கு உங்க தங்கச்சி வீட்டு விசேஷம்"னா. நான் உள்ள பிரிச்சுக் காட்டுனேன். தாய்மாமன்னு போட்டு என் பேரு அச்சாயிருக்கு. "வேற அண்ணன் இருந்தா அவன் பேரைப் போட்டிருப்பா, இல்லாத கொறைக்குப் போட்டிருக்கா"ன்னுட்டா.

இருக்கலாம். ஆனா பேரு போட்டிருக்குல்ல?

தேதியைப் பாத்து எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நவம்பர் பதினாறு. அப்புறம் யோசிச்சேன், ஞாயித்துக்கிழமை, ஐப்பசி கடைசி, ஊரு சனம் வர வசதின்னு வெச்சிருப்பாங்க. அவளுக்கு அந்தத் தேதியெல்லாம் ஞாபகம் இருக்காது. பூங்கோதைக்குத் தேதி, கிழமையெல்லாம் சின்னப் புள்ளையில இருந்தே நிக்காது.

என் தொழிலு மைக்செட்டு. வைரம் சவுண்டு சர்வீஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான் கட்டுவாங்க. ஆனா மைக்செட்டுக்காரனுக்கு மரியாதைன்னு ஒண்ணு கிடையாது தம்பி. மைக்கு கீச்சுன்னு கத்துனா, "எங்கடா அந்த மைக்செட்டு"ன்னு கேப்பாங்க. பந்தி எல்லாம் முடிஞ்சு பாத்திரம் கழுவுறப்பதான் எனக்கு எலை போடுவாங்க. ஊருல எனக்கு வயசுல சின்னவனெல்லாம் வாடா போடான்னுதான் பேசுவான். 

கஜாவுக்கு முந்தின வருஷம்தான் பழைய சின்ன ஜெனரேட்டரைத் தள்ளி விட்டுட்டு, புதுசா ஒரு டீசல் ஜெனரேட்டர் எடுத்துப் போட்டேன். பெருசு. தெருவுக்கே லைட்டு குடுக்கும். புயல் அடிச்ச அன்னைக்கு அது வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில நின்னுச்சு. கொட்டகை பறந்துருச்சு, ஜெனரேட்டர் மேல ஒரு கீத்து கூட விழலை. 

கரெண்டு இல்லைன்னா மோட்டார் இல்லை, மோட்டார் இல்லைன்னா தண்ணித் தொட்டியில தண்ணி இல்லை. மூணாம் நாளு ஊரே கொடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்குது. நான் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் போர்செட்டுல மாட்டி, தொட்டியை ரொப்பி விட்டேன். தண்ணி வந்துச்சு பாருங்க குழாயில, அன்னைக்கு ஒரு பொம்பளை என்னையக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. டீக்கடையில எனக்கு நாற்காலி போட்டாங்க. செல்போனைச் சார்ஜ் போட வரிசை கட்டி நின்னாங்க. கோயில் கமிட்டிக்காரங்க, பேரு சொல்லிக் கூட கூப்பிடாதவங்க, வீட்டுக்கு வந்து "வைரக்கண்ணு அண்ணே இருக்காரா"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரி உள்ள இருந்து யாரைக் கேக்குறாங்கன்னு எட்டிப் பாத்தா.

அந்தச் சமயத்துலதான் எங்க மாப்பிள்ளை வந்தாரு. திருமேனின்னு பேரு. அதிர்ந்து பேச மாட்டாரு. ரோடு எல்லாம் மரம் கிடக்குது, சைக்கிளைத் தூக்கித் தூக்கி வெச்சு நடந்தே வந்திருக்காரு. முட்டியெல்லாம் செராய்ப்பு. "ஊரு தொட்டி காஞ்சு போச்சுங்க. குளத்துல கீத்தும் தழையும் விழுந்து தண்ணி கறுத்துக் கிடக்குது, வாயில வெக்க முடியலை. வடக்குக் கொல்லையில ஒரு அடிபம்பு இருக்கு, அங்க போய்தான் எடுத்துட்டு வர்றோம். வழியெல்லாம் மரம். பூங்கோதை வேற இப்படி இருக்கா"ன்னாரு.

இப்படி இருக்கான்னா, மாசமா இருந்தா. இலக்கியாவுக்கு அடுத்தது. ஏழு மாசம்.

நான் உடனே சொல்லிட்டேன். "நாளைக்குக் காலையில ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு வந்துர்றேன் மாப்பிள்ளை. உங்க தொட்டியை ரொப்பிட்டுத்தான் மறு வேலை. தங்கச்சியைக் கொடம் தூக்க விடாதீங்க." அவரு முகத்துல அப்படி ஒரு தெளிச்சி. ஒரு வாய் டீ குடிச்சுட்டு, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு, வந்த வழியே போனாரு. இதுவரைக்கும் நான் பண்ணதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க.

மறுநாள் காலையில குட்டியானையில ஜெனரேட்டரை ஏத்தியாச்சு. கயிறு போட்டுக் கட்டியாச்சு. ஒத்தைப்பனங்காட்டு வழியில மரத்தையெல்லாம் கொஞ்சம் அறுத்து விட்டிருந்தாங்க, வண்டி போற அளவுக்கு. டீசலு ரெண்டு கேன் நெறைய இருந்துச்சு. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. வண்டியில ஏத்திக் கட்டுனதுக்கப்புறம், கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தரம் ஓட்டிப் பாத்துக்குவோம். போன எடத்துல போய் மக்கர் பண்ணக் கூடாதுல்ல. அந்த மாதிரி வண்டி மேலயே வெச்சு ஓட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், டிவிக்காரங்க வண்டி வந்து நிக்குது.

மெயின் ரோட்டு ஊரு பாருங்க, எது வந்தாலும் எங்க ஊர்லதான் முதல்ல நிக்கும். ஒரு பொண்ணு, ஒரு கேமராக்காரரு. "ஊர்ல யாராவது நல்லாப் பேசுவாங்களா"ன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. அத்தனை பேரும் என்னையக் கை காட்டுறாங்க. "வைரக்கண்ணு அண்ணன் பேசுவாரு, மைக்கு அவருக்குப் பழக்கம்." பழக்கம்தான். ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ. இருபது வருஷமா அதைத்தான் பேசியிருக்கேன். அதுக்கப்புறம் மைக்கை வேற ஆளுகிட்டக் குடுத்துருவோம்ல.

வீட்டுக்குள்ள ஓடிப் போய் சட்டையை மாத்துனேன். அதான் அந்த வெள்ளைச் சட்டை. தீபாவளிக்கு எடுத்தது. புயல் அடிச்ச ஊர்ல எவன் இஸ்திரி போட்ட சட்டையோட நிப்பான்னு இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பா வருது. அன்னைக்கு வரலை.

வந்து நின்னேன். அந்தப் பொண்ணு மைக்கை நீட்டிட்டு, "அண்ணா, அந்த ஜெனரேட்டரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சத்தம் வருது"ன்னுச்சு. வண்டியில நின்னவன் ஆஃப் பண்ணான். அப்புறம் பேசுனேன். "எங்க ஊருக்கு ஒருத்தரும் வரலை. குடிக்கத் தண்ணி இல்லை. புள்ளைத்தாச்சிப் பொம்பளைங்க எல்லாம் மரத்தைத் தாண்டித் தாண்டிப் போய்த் தண்ணி எடுக்குறாங்க." 

ஆமா தம்பி, அது மாப்பிள்ளை சொன்னதுதான். எங்க ஊருத் தொட்டியில தண்ணி இருந்துச்சு. ஆனா பொய் இல்லையே? பக்கத்து ஊர்ல நடந்ததுதானே? பேசுறப்ப அதான் வாயில வந்துச்சு.

நான் நல்லாத்தான் பேசுனேன். அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சாயங்காலம் நியூஸ்ல வரும் அண்ணா, பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அங்கதான் கோளாறு. சாயங்காலம் நியூஸ்ல வரும். எதுல பாக்குறது? ஊர்ல கரெண்டு இல்லை. ஜெனரேட்டர் இருக்கு, அது வண்டியில ஏறி நிக்குது. கமிட்டிக்காரங்க வந்து நின்னாங்க. "அண்ணே, நம்ம ஊரு டிவியில வரப் போகுது. நீங்க பேசுனது வரப் போகுது. இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும்ணே. நாளைக்குக் காலையில கொண்டுபோய் மாட்டுங்க. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுது." ஊரே சுத்தி நின்னு அண்ணேங்குது. நான் ஒரு ஆளு என்ன பண்ண முடியும்?

அப்படிச் சொன்னா நீங்க நம்பிருவீங்க. ஆனா அவங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் கயித்தை அவுக்க ஆரம்பிச்சுட்டேன்.

மதியம் பால்காரர் அடைக்கலம் அந்தப் பக்கம் போறாருன்னு தெரிஞ்சுச்சு. அவருகிட்டச் சொல்லி அனுப்புனேன். "ஜெனரேட்டருல ஏர் புடிச்சுக்கிச்சு, காலையில இருந்து ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, சரி பண்ணி நாளைக்குக் கொண்டாறேன்னு என் தங்கச்சிகிட்டச் சொல்லிருங்க." டீசல் குழாய்க்குள்ள காத்து பூந்துக்கிறதைத்தான் ஏர் புடிக்கிறதும்போம், டீசல் எஞ்சின்ல அது சகஜம் தம்பி. யாருக்கும் சந்தேகம் வராது. அது புடிச்சா உக்காந்து ஒவ்வொரு நட்டா லூசு பண்ணி ஏரை வெளிய எடுக்கணும், நேரம் ஆகும். பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரிச் சொல்லணும்ல.

சாயங்காலம் கோயில் வாசல்ல டிவியை வெச்சோம். சாஞ்சு போன டிஷ்ஷை ஒருத்தன் கையில புடிச்சுக்கிட்டே நின்னான். ஊரே உக்காந்திருச்சு. சும்மா இருக்கட்டுமேன்னு நான் ரெண்டு சீரியல் லைட்டு சரத்தையும் கட்டி விட்டேன். இருட்டுல கிடந்த ஊரு, லைட்டைப் பாத்ததும் பசங்க கைதட்டிக் கூத்தாடுறாங்க. நியூஸ் ஓடுது, ஓடுது, என்னென்னமோ வருது. கடைசியில நான் வந்தேன். கண்ணு மூடித் திறக்குற நேரம்தான். புள்ளைத்தாச்சிப் பொம்பளைங்கன்னு நான் சொன்னது மட்டும் வந்துச்சு. ஊரு எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. திரும்பக் காட்டுவான்னு ஒருத்தன் சொன்னான். அதனால அணைக்காம ஓட விட்டோம். திரும்பக் காட்டலை. கேன்ல இருந்த டீசலும் தீந்து ஜெனரேட்டர் தானா நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தோம்.

மறுநாள் காலையில டீசல் இல்லை. பெட்ரோல் பங்குல கரெண்டு இல்லாம பம்பு ஓடலை. ஜெனரேட்டருல டீசல் சுத்தமா வத்தி நின்னதுனால நெசமாவே ஏர் புடிச்சுக்கிச்சு. அதைத்தான் நான் சொல்ல வர்றேன். முந்தின நாளு நான் சொல்லி அனுப்புனது மறுநாள் உண்மையாயிருச்சு பாருங்க. ஆக நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா? நான் ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

அன்னைக்குக் காலையில பூங்கோதை கொடத்தை எடுத்துக்கிட்டு வடக்குக் கொல்லைக்குப் போயிருக்கா. மாப்பிள்ளை போக வேண்டாம்னு சொல்லியிருக்காரு. முந்தின நாளு பூரா அவரு, இன்னைக்கு பூங்கோதை அண்ணன் ஜெனரேட்டர் கொண்டாந்துருவாருன்னு சொல்லிச் சொல்லி, ஊரு பூரா அடிபம்புக்குப் போகாம தொட்டிக்குக் கீழ கொடத்தை வரிசையா வெச்சுட்டு உக்காந்திருந்தாங்களாம். வெச்ச கொடம் வெச்ச எடத்துலயே இருந்திருக்கு. அண்ணன் சொன்ன பேச்சுக்கு ஊரு காத்துக் கிடந்து ஏமாந்து போச்சேன்னு அவளுக்கு வெக்கம். பக்கத்து வீட்டுக்கெல்லாம் முகம் குடுக்க முடியாம, யாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவளாக் கிளம்பிப் போயிருக்கா. வரும்போது கொடத்தோட ஒரு தென்னைமரத்துல ஏறித் தாண்டியிருக்கா. பட்டை ஈரம். வழுக்கிருச்சு.

ஆம்பளைப் புள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

அவ தப்பிச்சா. அது பெரிய விஷயம். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. நானும் போய் நின்னு அதைத்தான் சொன்னேன். அவ படுத்துக்கிட்டே, "அண்ணே, ஜெனரேட்டர் சரியாயிருச்சா"ன்னு கேட்டா. ஆயிருச்சும்மான்னேன். அப்புறம் கொண்டுபோய் அவங்க ஊருத் தொட்டியை ரொப்பிக் குடுத்தேன் தம்பி. ஒரு தரம் இல்லை, கரெண்டு வர்ற வரைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். காசு வாங்கலை. ஊரு என்னையத் தலையில தூக்கி வெச்சு ஆடுச்சு. அவ வீட்டுலதான் சோறு. அவதான் போட்டா. அவளுக்கு எதுவுமே தெரியாது. எனக்கும் அது அப்படியே போயிரும்னுதான் இருந்துச்சு.

ஒரு வருஷம் கழிச்சு, இதே தேதி. டிவிக்காரன் பழைய வீடியோவை எல்லாம் தூசி தட்டி எடுத்து, இதே நாளில் கஜான்னு போட்டான். இந்தத் தடவை வெட்டாம முழுசாப் போட்டுட்டான். சிங்கப்பூர்ல இருக்குற மாப்பிள்ளையோட தம்பி அதைப் பாத்துட்டு, அட நம்ம வைரக்கண்ணு அண்ணன்னு சொல்லி, சொந்தக்காரங்க குரூப்புல போட்டு விட்டான். ஆளாளுக்குக் கைதட்டுற பொம்மை போடுறாங்க. நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்புறம்தான் அதை நான் ஒழுங்காப் பாத்தேன். எடுங்க, இப்ப நீங்களும் பாருங்க. என்னையப் பாக்காதீங்க. எனக்குப் பின்னாடி பாருங்க. குட்டியானை நிக்குதா? அதுல ஜெனரேட்டரு, கயிறு போட்டுக் கட்டி, கிளம்பத் தயாரா. சத்தத்தைக் கூட்டுங்க. இந்தா, முதல்ல கேக்குது பாருங்க. எப்படி ஓடுது, ஒரு பிசிறு இல்லாம. அந்தப் பொண்ணு ஆஃப் பண்ணச் சொல்லுது. ஆஃப் ஆகுது. கேட்டீங்களா? ஏர் புடிச்ச எஞ்சின் அப்படி ஓடாது தம்பி. அது எவனுக்கும் தெரியும். மைக்செட்டுக்காரன் தங்கச்சிக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில எங்கூடயே வந்து ஜெனரேட்டர் பக்கத்துலயே படுத்துத் தூங்குனவ.

அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணா. "அண்ணே, வீடியோ பாத்தேன். நல்லாப் பேசியிருக்க"ன்னா. அவ்வளவுதான். திட்டலை. அழுகலை. வெச்சுட்டா. அதுக்கப்புறம் ஒரு போன் கிடையாது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் குடுத்து விட்டா வாங்கிக்குவா. கட்டுனாளா என்னன்னு தெரியாது. ஒரு சாவு வீட்டுல எதிர்ல பாத்தேன், "வாண்ணே"ன்னா. வான்னு சொன்னாத்தானே முறை, அதுக்காகச் சொன்னா. திட்டியிருந்தா நான் நாலு காரணம் சொல்லியிருப்பேன். கமிட்டிக்காரங்கமேல போட்டிருப்பேன், டிவிக்காரங்கமேல போட்டிருப்பேன். அவ அதுக்கு எடமே குடுக்கலை.

அந்த ஜெனரேட்டரை வித்துட்டேன். இப்ப எல்லா மண்டபத்துலயும் சொந்தமா வெச்சிருக்காங்க, நமக்கு ஓட்டம் இல்லை. அதனாலதான் வித்தேன். வேற ஒண்ணும் இல்லை.

எந்த ஊரு வருது? புளியந்தோப்பு தாண்டியாச்சா? அடுத்தது முக்கம். பையை இப்படித் தாங்க தம்பி. இல்லை, இருக்கட்டும், இருக்கட்டும்.

அங்க பாருங்க, முக்கத்துல கூட்டம் நிக்குது. மேளம் நிக்குது. குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே வேட்டி கட்டி, அவருதான் எங்க மாப்பிள்ளை. நரைச்சுப் போயிட்டாரு மனுசன். யாரையோ எதிர் அழைக்க வந்து நிக்கிறாங்க போல. சிங்கப்பூர்ல இருந்து அவரு தம்பி வர்றானோ என்னமோ. ரோட்டையே பாக்குறாரு. வேனு வருமான்னு பாக்குறாரு. பஸ்ஸைப் பாக்கலை. பஸ்ல வர்றவனுக்கா மேளம் நிக்கும்? 

கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க தம்பி. ஜன்னலை மறைச்ச மாதிரி. பொம்பளைப் புள்ளைங்க கையில ஆரத்தி வேற வெச்சிருக்கு. 

இறங்கலைங்க கண்டக்டர் தம்பி, நீங்க விசில் அடிங்க.

...

போயிருச்சா? சரி. ஒண்ணும் இல்லை தம்பி, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல பையும் கையுமா இறங்குனா நல்லாவா இருக்கும்? அடுத்த ஸ்டாப்புல இறங்கி, ஒரு ஆட்டோ புடிச்சு, கூட்டம் கலைஞ்சதும் கொல்லைப் பக்கமாப் போயிக்கலாம். இல்லாட்டி பையை மட்டும் யாருகிட்டயாவது குடுத்து விட்டாலும் சேந்துரும். சீர் போய்ச் சேரணும், அவ்வளவுதானே. ஆளு யாரு கொண்டு போனா என்ன.

இருங்க, போன் அடிக்குது.

பூங்கோதைன்னு வருது பாருங்க. இந்த நம்பர்ல இருந்து ஆறு வருஷமா... இருங்க.

அலோ. ஆமாம்மா. ஆமா பூங்கோதை. வந்துக்கிட்டேதான் இருக்கேன். வேன் இல்லைம்மா, பஸ்ல. பஸ்ஸு நடு வழியில நின்னுபோச்சு, என்னமோ ரிப்பேராம், டிரைவரு பாத்துக்கிட்டு இருக்காரு. நேரம் ஆகும் போல. நீங்க ஆரம்பிச்சு... எனக்காகக் காத்துக்கிட்டு...

ம்.

ம்.

சரிம்மா.

வெச்சுட்டா. என்ன சொன்னான்னு கேக்குறீங்களா? "பஸ்ஸு ஓடுற சத்தம் கேக்குதுண்ணே"ன்னா. "அன்னைக்கும் கேட்டுச்சு"ன்னா. அப்புறம், "புள்ளையை மனையில உக்கார வெச்சிருக்கோம். நீ வந்துதான் மாலை போடணும். எவ்வளவு நேரம் ஆனாலும் உக்காந்திருக்கும். இறங்கி நடந்து வா"ன்னா. 

அந்தப் பையை எடுங்க தம்பி. பாத்து, வளையல். 

கண்டக்டர் தம்பி, விசில் அடிங்க. நான் இறங்கணும். ஆமாங்க, முக்கத்துலதான் இறங்க வேண்டியது. தூங்கிட்டேங்க, அதான்...

இல்லைங்க. தூங்கலை. முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். நிறுத்துங்க.